நல்ல உணவின் கலோரியும் கணக்கில் வருமா? எடை குறைக்க விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் வெள்ளை அரிசி குறைந்து, தினையும் சாமையும் வந்தாயிற்று. ரீஃபைண்ட் எண்ணெய் இருந்த இடத்தில் மரச்செக்கு நல்லெண்ணெய் நிற்கிறது. காபிக்கு நாட்டுச் சர்க்கரை, மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் வறுத்த வேர்க்கடலை, இரவு படுக்கப் போகும் முன் நான்கு பேரீச்சம்பழம். மூன்று மாதம் இப்படி ஒழுங்காக இருந்துவிட்டு எடை பார்த்தால், ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு நேர்ந்தது இதுதான். ‘நல்லதைத்தானே சாப்பிட்டேன், அதற்குமா கணக்கு?’ என்ற ஆற்றாமை அன்று எனக்கு இருந்தது; இப்போது என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடமும் அதே ஆற்றாமையைக் காண்கிறேன்.

கேள்விக்கு நேரான பதில்: ஆம், நல்ல உணவின் கலோரியும் முழுதாகக் கணக்கில் வருகிறது. ஒரு பொருள் உடலுக்கு நல்லதா என்பது ஒரு கேள்வி. அதை எவ்வளவு சாப்பிடலாம் என்பது வேறு கேள்வி. ‘ஆரோக்கியமானது’ என்ற சொல் முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. நாமோ அதையே இரண்டாவது கேள்விக்கும் விடையாக எடுத்துக்கொண்டு, கரண்டியைக் கொஞ்சம் தாராளமாகச் சாய்த்துவிடுகிறோம். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கேள்வியை நம் சமையலறைக்குள் வைத்துப் படிப்படியாகப் பார்க்கிறது.

முதல் படி: ஆய்வுகள் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

2010-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்துப் பேராசிரியராக இருந்த மார்க் ஹாப், தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தினார். நாளொன்றுக்குச் சுமார் 1800 கலோரிக்கு மிகாமல், அதில் பெரும்பகுதியை கிரீம் வைத்த கேக்குகள், சிப்ஸ் போன்ற கடைத் தின்பண்டங்களிலிருந்தே எடுத்துக்கொண்டு, கூடவே புரதப் பானம், வைட்டமின் மாத்திரை, சிறிது காய்கறி ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டார். 10 வாரத்தில் அவர் எடை ஏறத்தாழ 12 கிலோ குறைந்தது. இப்படிச் சாப்பிடுங்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே போகும் ஆற்றல் செலவாகும் ஆற்றலைவிடக் குறைந்தால், உணவின் தரம் எப்படியிருந்தாலும் எடை குறையும் என்பதை அது காட்டிவிட்டது. இதைத் திருப்பிப் பார்த்தாலும் உண்மை மாறாது: தேவைக்கு மேல் போகும் கலோரி பாதாமிலிருந்து வந்தாலும் உடலில் சேரத்தான் செய்யும்.

அப்படியானால் உணவின் தரத்துக்கு வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 2019-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலைகளில் பெரிதும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்து, வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். பரிமாறிய உணவுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரு பக்கமும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். இருந்தும் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் எடையும் சுமார் ஒரு கிலோ ஏறியது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். எடையைத் தீர்மானிப்பது கலோரியின் அளவு. அந்த அளவுக்குள் பசியில்லாமல் நிற்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது உணவின் தரம். நல்ல உணவு எடையைக் குறைப்பது அது நம்மைக் குறைவாகச் சாப்பிட வைக்கும் வரைதான். அந்த வேலையைச் செய்யாத நல்ல உணவுகளும் நம் வீட்டில் ஏராளம்.

இரண்டாம் படி: உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுங்கள்

1990-ல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இதற்குப் போதும். எடையை (கிலோவில்) 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை (சென்டிமீட்டரில்) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண்கள் மேலும் 161-ஐக் கழிக்க வேண்டும். ஆண்கள் 5-ஐக் கூட்ட வேண்டும். கிடைப்பது, உடல் சும்மா இருக்கும்போதே ஒரு நாளில் செலவிடும் கலோரி. உட்கார்ந்து வேலை பார்ப்பவர் அதை 1.4-ஆல் பெருக்கினால் அன்றாடத் தேவை தோராயமாக வந்துவிடும்.

70 கிலோ எடை, 158 சென்டிமீட்டர் உயரம், 38 வயது உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 700 + 987 − 190 − 161 என்று போட்டால் 1336 வருகிறது. 1.4-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1870. இதில் 400-ஐக் குறைத்து 1450–1470 கலோரி என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ குறைய வேண்டும். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7700 கலோரிக்குச் சமம் என்பதால் இந்தக் கணக்கு. இத்தகைய சூத்திரங்கள் நம் நாட்டு உடல்வாகுக்குச் சற்றே கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், வந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1200 கலோரிக்கும் ஆண்கள் 1500 கலோரிக்கும் கீழே இறங்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உணவைக் கண்டு அஞ்சும் மனநிலையை ஒருமுறையேனும் கடந்து வந்தவர்கள் ஆகியோர் இந்தக் கணக்கைத் தாமாகத் தொடங்காமல், முதலில் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

மூன்றாம் படி: எண்ணெயைக் கையும் களவுமாகப் பிடியுங்கள்

நான் பார்த்தவரையில், தமிழ்ச் சமையலறையில் கணக்குத் தவறும் முதல் இடம் எண்ணெய்தான். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் 4 கலோரி தருகின்றன. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. செக்கில் ஆட்டியதோ, ஆலையில் சுத்திகரித்ததோ, தேங்காயெண்ணெயோ, ஆலிவ் எண்ணெயோ, பசு நெய்யோ, இந்த எண்ணில் சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது. செக்கு எண்ணெயின் மணத்துக்காகவும் சுவைக்காகவும் அதை வாங்குங்கள். எடை குறையும் என்று நம்பி வாங்காதீர்கள்.

இட்லியைப் பாருங்கள். ஆவியில் வேகும், எண்ணெய் இல்லாத, எளிதில் செரிக்கும் நல்ல உணவு. நடுத்தர அளவுள்ள ஓர் இட்லி 50 முதல் 60 கலோரி. அதற்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுகிறோம். பொடி நன்றாகக் குழைய வேண்டும் என்று ஊற்றும் அந்த எண்ணெயை ஒருநாள் கரண்டியால் அளந்து பார்த்தேன்: சிறிய டீஸ்பூனால் மூன்று. ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஏறத்தாழ 40 கலோரி, மூன்றுக்கு 120. இரண்டு இட்லி சாப்பிட்டால் வரும் கலோரி, பொடியின் குழிக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துச் சமைக்கும்போது ஒருவர் தட்டுக்கு எவ்வளவு எண்ணெய் வந்தது என்று தனியாக அளக்க முடியாது. அதற்கு ஒரு சுற்று வழி உண்டு. மாத மளிகைச் சீட்டை எடுத்து, எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாவற்றையும் கூட்டி, வீட்டில் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு 30-ஆல் வகுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் ஆனால், ஆளுக்கு ஒரு லிட்டர், அதாவது சுமார் 910 கிராம், நாளொன்றுக்கு 30 கிராம், 270 கலோரி. பொரித்துவிட்டுக் கொட்டிய எண்ணெயை வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள், வெளியில் வாங்கித் தின்ற வடையையும் நேர்மையாகக் கூட்டிக்கொள்ளுங்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கே எண்ணெயும் கொழுப்பும் சேர்த்து 27 கிராம் என்றுதான் இருக்கிறது. 1450 கலோரிக்குள் நிற்க விரும்புகிறவருக்கு 20 கிராம் போதுமானது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எண்ணெய்த் தூக்கிலிருந்து நேரே வாணலியில் சாய்க்கும் பழக்கத்தை நிறுத்தி, டீஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். கடுகு வெடிக்க, நான்கு பேருக்கான பொரியலுக்கு இரண்டு டீஸ்பூன் போதும். காய் அடிப்பிடிக்கும் என்று தோன்றினால் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள்.

நான்காம் படி: சிறுதானியத்தை அரிசியைப் போலவே அளந்து போடுங்கள்

சமைக்காத வெள்ளை அரிசி 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி. தினை, சாமை, வரகு, கேழ்வரகு, கம்பு எதுவாயினும் 320-க்கும் 350-க்கும் இடையே அந்த வட்டாரத்திலேயே நிற்கின்றன. அவற்றில் தாதுச்சத்தும், தவிடு நீக்காமல் வாங்கினால் நார்ச்சத்தும் கூடுதல். கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்துக்கு அரிசி பக்கத்திலேயே வர முடியாது. கலோரியில் மட்டும் பெரிய சேமிப்பு எதுவும் இல்லை.

ஒரு தட்டு பொங்கலை உடைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு அரிசி 60 கிராம் (சுமார் 210 கலோரி), பாசிப்பருப்பு 20 கிராம் (70), நெய் 20 கிராம் (180), முந்திரி 10 கிராம் (58). மொத்தம் 520-ஐ ஒட்டி வருகிறது. அரிசியை எடுத்துவிட்டுத் தினையைப் போட்டால் குறைவது 10 அல்லது 15 கலோரி. தினைப் பொங்கல் என்பதால் மனம் நிம்மதியடைந்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால், அந்தச் சேமிப்பு தட்டுக்கு வரும் முன்பே செலவாகிவிடும். அரிசியை அரிசியாகவே விட்டுவிட்டு, நெய்யை 20 கிராமிலிருந்து 7 கிராமாகக் குறைத்தால் கிட்டத்தட்ட 115 கலோரி குறைகிறது. எதை மாற்றினோம் என்பதைவிட எங்கே மாற்றினோம் என்பது முக்கியமாகும் இடம் இது.

அளக்கும்போது ஒரு குழப்பம் நேரும். 100 கிராம் அரிசி வெந்ததும் தண்ணீரை இழுத்துச் சுமார் 300 கிராம் சோறாகிறது. எனவே 100 கிராம் சோறு 120 கலோரி சொச்சம்தான். பச்சையாக அளந்ததற்குச் சோற்றின் எண்ணையோ, சோற்றை அளந்து அரிசியின் எண்ணையோ எழுதினால் கணக்கு மூன்று மடங்கு புரண்டுவிடும். எப்போதும் சமைப்பதற்கு முன் உள்ள எடையையே எழுதுவது என்று ஒரே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சத்துமாவுக் கஞ்சி குடிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். தானியமும் பருப்பும் கொட்டைகளும் சேர்ந்த மாவு, கலோரியில் தானியத்துக்குச் சற்று மேலேயே இருக்கும். காலை உணவுக்குப் பதிலாகக் குடித்தால் நல்ல உணவு. காலை உணவுக்கு முன்பு ‘சத்துக்காக’ குடித்தால் அது இன்னொரு வேளைச் சாப்பாடு.

ஐந்தாம் படி: கொட்டைகளை எண்ணி எடுங்கள்

வேர்க்கடலை 100 கிராமுக்கு ஏறத்தாழ 567 கலோரி, பாதாம் 579. உள்ளங்கை நிறைய என்றால் 30 கிராம், 170 கலோரி. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கிண்ணத்திலிருந்து எடுத்தால் 80 கிராம் போவது தெரியாது. அது 450 கலோரி, ஒரு வேளைச் சாப்பாடு. நான் மேலே சொன்ன ஒன்றரைக் கிலோவில் பெரும்பங்கு இந்தக் கிண்ணத்துக்கு உரியது என்றே நினைக்கிறேன்.

ஒரு சலுகையும் இருக்கிறது. 2012-ல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் முழுப் பாதாமைச் சாப்பிடக் கொடுத்து, உடல் உண்மையில் எவ்வளவு ஆற்றலை எடுத்துக்கொள்கிறது என்று அளந்தார்கள். 28 கிராமுக்குச் சுமார் 170 என்று கருதப்பட்டது, 129 கலோரியாகத்தான் இருந்தது. நாம் மெல்லும்போது பாதாமின் செல்சுவர்கள் எல்லாம் உடைவதில்லை. உள்ளே சிக்கிய கொழுப்பில் ஒரு பங்கு செரிக்காமல் வெளியேறிவிடுகிறது. ஆனால் இந்தத் தள்ளுபடி முழுக்கொட்டைக்கு உரியது. மைய அரைத்து வெண்ணெய்போல ஆக்கிவிட்டால் சுவர் உடைந்து, கலோரி முழுதாகக் கிடைத்துவிடுகிறது. தவிர, தள்ளுபடி என்றால் பாதியளவும் இல்லை. கால் பங்கு போனாலும் கிண்ணம் கிண்ணம்தான்.

காலையிலேயே 15 கிராமை நிறுத்து ஒரு சிறு டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு, பெரிய டப்பாவைப் பரணில் ஏற்றிவிடுங்கள். எனக்குப் பலித்த ஒரே உபாயம் அதுதான். துருவிய தேங்காயும் 100 கிராமுக்கு 350 கலோரிக்கு மேல் வரும் பொருள் என்பதால், சட்னிக்கு அரை மூடி என்பதைக் கால் மூடியாக்கி, மீதிக்குப் பொட்டுக்கடலையும் கொத்தமல்லியும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனிப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாமே 100 கிராமுக்கு 380 கலோரியை ஒட்டித்தான். தேன் அதில் தண்ணீர் இருப்பதால் 300 சொச்சம். பழத்தைச் சாறாக்காமல் கடித்துத் தின்னுங்கள். இளநீர் ஒரு டம்ளர் 50 கலோரிக்குள் அடங்கும். கரும்புச்சாறு அப்படி இல்லை.

ஆறாம் படி: தட்டை நிரப்பும் பொருளைப் பெருக்குங்கள்

இதுவரை சொன்னது குறைப்பது பற்றி. கூட்ட வேண்டியதும் உண்டு. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், பூசணி, வாழைத்தண்டு, கீரைகள் ஆகியவை 100 கிராமுக்குப் பெரும்பாலும் 15 முதல் 40 கலோரிக்குள் நிற்பவை. 200 கிராம் கீரை மசியலில் உள்ள கீரையும் இரண்டு டீஸ்பூன் எண்ணெயும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல உணவில் கலோரி கணக்கு வேண்டாம் என்று யாராவது சொன்னால், அது இந்த வகைக்கு மட்டும் பொருந்தும். காரணம், கணக்கு மீறும் அளவுக்கு வயிற்றில் இடம் இருக்காது.

புரதம் இரண்டாவது துணை. அதைச் செரிப்பதற்கே உடல் அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் வரை செலவிடுகிறது. கொழுப்பைச் செரிக்க 3 சதவீதம் கூட ஆவதில்லை. புரதம் பசியையும் நீண்ட நேரம் தள்ளிப்போடும். இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும்: 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர், ஒரே அளவு கலோரி தரும் 38 உணவுகளைக் கொடுத்து எது அதிகம் வயிறு நிறைய வைக்கிறது என்று பார்த்தபோது, முதலிடம் பிடித்தது வேகவைத்த உருளைக்கிழங்கு. நாம் ‘குண்டாக்கும்’ என்று ஒதுக்குவது கிழங்கை. குண்டாக்குவது அதைப் புரட்டிய எண்ணெய்.

மேலே கண்ட பெண்ணுக்கு ஒரு நாளை அமைத்துப் பார்ப்போம், எல்லாம் சமைக்கும் முன் உள்ள எடை: தானியம் 160 கிராம் (550 கலோரி), பருப்பு அல்லது பயறு 70 கிராம் (240), கொழுப்புக் குறைந்த பாலும் தயிருமாக 300 மில்லி (175), காய்கறி 400 கிராம் (120), பழம் 120 கிராம் (80), எண்ணெய் 20 கிராம் (180), கொட்டைகள் 15 கிராம் (85). கூட்டினால் 1430. பட்டினியாகத் தெரியாத, நிறைந்த தட்டு இது. இதில் குறை சொல்ல வேண்டுமானால், புரதம் 50 கிராமை ஒட்டியே வருகிறது. முட்டை சாப்பிடுகிறவர் 20 கிராம் தானியத்தைக் கழித்து ஒரு முட்டையைச் சேர்த்தால் கலோரி மாறாமல் புரதம் ஏறும். சைவர்கள் அதே இடத்தில் சுண்டலைக் கூட்டலாம், தேங்காய்ப்பூவை மறந்துவிட்டு.

ஏழாம் படி: இரண்டு வாரம் நிறுத்து எழுதுங்கள்

வாழ்நாள் முழுதும் தராசோடு திரிய வேண்டியதில்லை. கண்ணுக்கு அளவு பழகும்வரை போதும். கண்ணை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 1992-ல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு சான்று. குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று உறுதியாகச் சொன்னவர்களை அளந்து பார்த்தபோது, அவர்கள் உண்டதாகச் சொன்னது உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. செய்ததாகச் சொன்ன உடலுழைப்போ 51 சதவீதம் அதிகம். அவர்கள் பொய் சொன்னதாக நான் எண்ணவில்லை. தாளிப்பும், பிள்ளை மிச்சம் வைத்ததும், உப்புப் பார்க்க எடுத்த கரண்டியும் சாப்பாடாக யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

கிராம் கணக்கில் காட்டும் ஒரு சிறு எலக்ட்ரானிக் தராசும் ஒரு நோட்டும் இருந்தால் தொடங்கலாம். சாப்பிட்ட பிறகு நினைவிலிருந்து எழுதாமல், சமைக்கும்போதே எழுதுங்கள். உழைப்பின் பக்கத்தைச் சிக்கனமாகவே மதிப்பிடுங்கள்: 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகிறது. பூங்கா வாசலில் நடை முடித்துக் குடிக்கும் ஒரு குவளைக் கஞ்சி அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். நடப்பதற்கு வேறு நூறு நன்மைகள் உண்டு. கஞ்சிக்கான கூலியாக மட்டும் அதை நினைக்க வேண்டாம்.

எட்டாம் படி: எடையைப் பார்த்துத் திருத்துங்கள்

முதல் வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்து குறையும்போது உடல் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜனும் அதோடு சேர்ந்த நீரும் வெளியேறுவதுதான் காரணம். கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறினால் அதுவும் பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான். எனவே தினமும் காலையில் ஒரே நேரத்தில், கழிவறை சென்றுவந்த பின் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்களுக்கு நீர் தேங்கும் என்பதால், சென்ற மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது பொருத்தம். இடுப்புச் சுற்றளவையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். இந்தியர்களுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய நிலை.

நான்கு வாரம் ஆகியும் சராசரி அசையவில்லை என்றால், சூத்திரம் பொய் என்று முடிவு கட்டுவதற்கு முன் மூன்று இடங்களைச் சரிபாருங்கள்: எண்ணெய் டீஸ்பூன் மறுபடியும் குழிக்கரண்டியாகிவிட்டதா, கொட்டை டப்பா பரணிலிருந்து இறங்கிவிட்டதா, எழுதும் நோட்டில் சனி ஞாயிறு வெறுமையாக இருக்கிறதா. மூன்றும் சரியாக இருந்தால், தானியத்தில் நாளொன்றுக்கு 30 கிராமை, அதாவது ஒரு வேளைக்கு ஒரு பிடிக்கும் குறைவாக, குறைத்துவிட்டு இன்னும் நான்கு வாரம் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், தைராய்டு பரிசோதனை செய்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்து, உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.